அன்பே உருவான கடவுள் துன்பத்தை ஏன் அனுமதிக்கிறார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடவுள் நம்பிக்கை உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பொதுப்படையாகப் பேசினால் இந்த விவாதம் காற்றில் கரைந்துவிடும் என்பதால், 1934இல் காந்திக்கும் ரவீந்திரநாத் தாகூருக்கும் இடையே நடந்த ஒரு வாதம் இதன் நடுவே வைக்கப்பட்டிருக்கிறது. அந்த வாதத்துக்குத் தொடக்கமாக அமைந்த பேச்சு திருநெல்வேலியில் பேசப்பட்டது.

இந்தக் கேள்வியில் அப்படி என்ன சிக்கல்?

கடவுள் அன்பே உருவானவர், அவரால் ஆகாதது எதுவும் இல்லை, உலகில் துன்பம் இருக்கிறது என்ற மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும்போதுதான் சிக்கல் எழுகிறது. துன்பத்தைத் தடுக்க அவருக்கு மனம் இல்லையா, வல்லமை இல்லையா, இரண்டும் உண்டென்றால் தீமை எங்கிருந்து வந்தது என்ற வாதம் கிரேக்க அறிஞர் எபிகூரஸின் பெயரில் வழங்கிவருகிறது. அதை நம் காலம்வரை கொண்டுவந்து சேர்த்தவர், அதை மறுப்பதற்காகவே எடுத்தெழுதிய லாக்டான்டியஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர். சமணத்திலும் பௌத்தத்திலும் உலகைப் படைத்தவர் என்று ஒருவர் இல்லாததால், அங்கே துன்பத்துக்குக் காரணம் தேடுவார்களே தவிர, அதற்காக யார்மீதும் வழக்குத் தொடுக்க மாட்டார்கள். அன்பான ஒருவரை நம்புகிறவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி வலிக்கிறது.

1934இல் என்ன நடந்தது?

அந்த ஆண்டு ஜனவரி 15ஆம் தேதி, பிற்பகல் இரண்டு மணியைச் சற்றே தாண்டியபோது, வடபீகாரையும் நேபாளத்தையும் ஏறத்தாழ 8 ரிக்டர் அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியது. முங்கேர், முசாபர்பூர், தர்பங்கா ஆகிய ஊர்கள் சிதைந்தன. காத்மாண்டுப் பள்ளத்தாக்கிலும் பேரழிவு. நிலம் பிளந்து தண்ணீரும் மணலும் பீறிட்டுக் கிளம்பின, விளைநிலங்கள்மேல் மணல் படிந்தது, கிணறுகள் தூர்ந்துபோயின. வீடு தப்பிய குடும்பங்களுக்கும் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போனது இப்படித்தான். இருபுறமும் சேர்த்து இறந்தோர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள்.

காந்தி அப்போது தீண்டாமை ஒழிப்புக்காகத் தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார். ஜனவரி 24ஆம் தேதி திருநெல்வேலிக் கூட்டத்தில், தம்மை மூடநம்பிக்கைக்காரர் என்று மக்கள் அழைத்தாலும் பரவாயில்லை, ஹரிஜனங்களுக்கு நாம் இழைத்த பெரும்பாவத்துக்குக் கடவுள் அனுப்பிய தண்டனையே இந்த நிலநடுக்கம் என்று தம்மைப் போன்றவரால் நம்பாமல் இருக்க முடியாது என்றார். அவர் சொன்னது 'நம்முடைய பாவம்'. பீகார்க்காரர்களின் பாவம் என்று அவர் சொல்லவில்லை என்பதையும், குற்றவாளிக் கூண்டில் தம்மையும் சேர்த்தே நிறுத்திக்கொண்டார் என்பதையும் நியாயமாகச் சொல்லியாக வேண்டும்.

தாகூர் ஏன் எதிர்த்தார்? அவர் தீண்டாமையை ஆதரித்தாரா?

இல்லவே இல்லை. தீண்டாமைக்கு எதிரான போராட்டத்தில் அவர் முழுமையாகக் காந்தியின் பக்கம் நின்றார், அதனால்தான் அவருடைய மறுப்புக்கு இவ்வளவு எடை. தம் மறுப்பை அவர் காந்திக்கே அனுப்பினார். காந்தி அதைத் தம்முடைய 'ஹரிஜன்' இதழில் 1934 பிப்ரவரி 16 அன்று, தம் பதிலுடன் சேர்த்து வெளியிட்டார். தம்மைக் கண்டித்து வந்த எழுத்தைத் தம் பத்திரிகையிலேயே அச்சிடுகிற பண்பு இன்றைய சமய விவாதங்களில் அரிதாகிவிட்டது.

தாகூரின் வாதத்தில் மூன்று இழைகள் உண்டு. இயற்கைப் பேரழிவுகளுக்கு இயற்கைக் காரணங்களே உண்டு, பாறைகள் நகர்வதற்கும் சாதி இந்துக்களின் நடத்தைக்கும் தொடர்பு கற்பிப்பது நாட்டில் ஏற்கெனவே மண்டிக்கிடக்கும் பகுத்தறிவின்மைக்கு உரம் போடுவதாகும் என்பது முதலாவது. இரண்டாவது கூர்மையானது. அறநெறியையும் அண்டத்தின் நிகழ்வுகளையும் இப்படி முடிச்சுப் போட்டால், நன்னடத்தைப் பாடத்தை மிகக் கேடான நடத்தையின் வாயிலாகப் போதிக்கிற கடவுளைவிட மனித இயல்பே அறத்தில் உயர்ந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும் என்றார். ஒரு குழந்தைக்கு அறிவு புகட்ட அடுத்த வீட்டுக் குழந்தையைக் கொல்கிற ஆசிரியரை நாம் என்ன சொல்லி அழைப்போம் என்று யோசித்தால், தாகூர் எங்கே கை வைத்தார் என்பது விளங்கும்.

மூன்றாவது, இத்தகைய வாதம் காந்தியைவிட அவருடைய எதிரிகளின் மனப்போக்குக்கே நன்றாகப் பொருந்தும் என்பது. கடவுளின் சினத்துக்குக் காந்தியும் அவருடைய தொண்டர்களுமே காரணம் என்று வைதிகர்கள் திருப்பிச் சொன்னால் தமக்கு வியப்பே இருக்காது என்றார் அவர்.

காந்தியின் பதில் என்ன?

அவர் பின்வாங்கவில்லை. கடவுளின் சட்டங்கள் அனைத்தும், அவை இயங்கும் விதமும் நமக்குத் தெரியாது என்றார். உலக நிகழ்வுக்கும் மனித நடத்தைக்கும் உள்ள தொடர்பு தமக்கு உயிருள்ள நம்பிக்கை என்றும், அது தம்மைப் பணிவுள்ளவராக்கிக் கடவுளின் அருகே கொண்டுசெல்கிறது என்றும் எழுதினார். படைப்பைக் குலைக்கும் வலிமை நம் பாவங்களுக்கு இல்லை என்று தாகூர் சொன்னதற்கு, எந்தப் பௌதிக நிகழ்வையும்விட அதிகமாகக் குலைக்கும் வலிமை அவற்றுக்கு உண்டு என்று விடையளித்தார்.

ஒருவர் தம் நெஞ்சில் கைவைத்து, இது எனக்குச் சொல்லப்பட்டது என்று எடுத்துக்கொள்வதில் குறை காண முடியாது. முசாபர்பூரில் இடிபாட்டின் அடியில் கிடந்த ஒருத்தி, திருநெல்வேலியில் இருப்பவர்கள் மனம் திருந்துவதற்கான கருவியாகிவிடுகிறாள் என்ற இடத்தில்தான் இந்தப் பதில் தடுக்கி விழுகிறது என்பது இதை எழுதுபவரின் கருத்து.

துன்பம் பாவத்துக்குத் தண்டனை என்பதுதானே எல்லா மதங்களின் போதனை?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் தண்டனை என்று ஏற்றுக்கொண்ட மறுகணமே, எந்தப் பாவத்துக்கு என்ற கேள்வி வந்து நிற்கும். நிலநடுக்கப் பகுதியைச் சுற்றிப் பார்த்த ஜவாஹர்லால் நேரு தம் சுயசரிதையில் இதை ஏளனம் கலந்து எழுதினார். பணக் கணக்கில் பெரும் இழப்புக்கு ஆளானவர்களில் ஒருவர் பெரும் ஜமீன்தாரான தர்பங்கா மகாராஜா. அப்படியானால் இது ஜமீன்தாரி முறைக்கு வந்த தண்டனை என்று சொல்லலாமே. வடபீகார் விடுதலைப் போராட்டத்தில் முன்னின்ற பகுதி. சட்டமறுப்புக்குக் கடவுள் தந்த தண்டனை என்று வெள்ளை அரசும் சொல்லிக்கொள்ளலாமே. தென்னிந்தியாவின் தீண்டாமைக்காகப் பீகார் மக்கள் ஏன் சாக வேண்டும், நிலநடுக்கம் தீண்டாமையின் சொந்த மண்ணுக்கே வந்திருக்கக் கூடாதா என்றும் கேட்டார்.

வேதநூல்களும் இதை நேராக ஆதரிப்பதில்லை. பைபிளில், பெருந்துன்பத்தில் சிக்கிய யோபுவின் நண்பர்கள் பக்கம் பக்கமாகத் தண்டனைக் கோட்பாட்டைப் பேசுகிறார்கள். முடிவில் கடவுள் அந்த நண்பர்கள்மீதே சினம் கொண்டு, தம்மிடம் வழக்காடிய யோபுவே தம்மைப் பற்றிச் சரியாகப் பேசினான் என்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று எண்ணுகிறீர்களா என்று கேட்ட இயேசு, இல்லை என்று தாமே பதிலும் சொன்னார். (அதே மூச்சில் மனம் திரும்பாவிட்டால் நீங்களும் அழிவீர்கள் என்றும் சொன்னார், பிரசங்கிகள் பலர் அந்த இரண்டாம் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது தற்செயல் அல்ல.)

தப்பிப் பிழைத்தவர்களைக் கடவுள் காப்பாற்றினார் என்று சொல்லலாமா?

பிழைத்தவர் தம்மைப் பற்றி நன்றியோடு அப்படிச் சொல்லலாம். அடுத்தவர் அதை ஒரு கொள்கையாக்கும்போது சங்கடம் தொடங்குகிறது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமசுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, வேளாங்கண்ணிக் கடற்கரையில் இருந்த நூற்றுக்கணக்கான யாத்ரீகர்களைச் சுனாமி அள்ளிச் சென்றது. பேராலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை என்பதை அற்புதமாகப் பலர் பேசினார்கள். சுவரைக் காத்தவர் மணலில் நின்ற பிள்ளைகளை ஏன் காக்கவில்லை என்று ஒரு தாய் கேட்டால், அற்புதம் என்று சொன்னவர்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

மனிதனுக்குத் தரப்பட்ட சுதந்திரமே துன்பத்துக்குக் காரணம் என்ற விளக்கம் போதாதா?

கொலை, போர், சுரண்டல் ஆகியவற்றுக்கு இது வலுவான பதில். அன்பு செலுத்தும் சுதந்திரம் உள்ளவனுக்கு வெறுக்கும் சுதந்திரமும் இருந்தே தீரும். தவறு செய்யவே முடியாதபடி முடுக்கிவிடப்பட்ட பொம்மைகளிடமிருந்து அன்பு வராது. 1943 வங்கப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டதற்கு, விலையேற்றம், பதுக்கல், போர்க்கால அரசின் முடிவுகள் என்று மனிதக் கைகளைக் காட்ட முடியும். நிலநடுக்கத்திலும் ஒரு பகுதி இதில் அடங்கும். 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாளன்று, தேவாலயங்கள் நிறைந்திருந்த நேரத்தில் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் இடிந்தபோது, இருபதாயிரம் வீடுகளை ஆறேழு அடுக்குகளாக அங்கே கட்டச் சொன்னது இயற்கையா என்று எழுத்தாளர் வால்டேருக்கு எழுதிய கடிதத்தில் சிந்தனையாளர் ரூசோ கேட்டார். மோசமாகக் கட்டப்பட்ட பள்ளிக்கூடம் இடிந்து விழும்போது ஒப்பந்தக்காரரை விட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பதில் பொருளில்லை.

ஆனால் நிலம் அசைந்தது யாருடைய சுதந்திரத்தால்? சுதந்திர வாதத்தை 1970களில் தர்க்கரீதியாகச் செம்மைப்படுத்திய அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஆல்வின் பிளான்டிங்கா, இயற்கைத் தீமைகளைக் கண்ணுக்குத் தெரியாத ஆவிகளின் சுதந்திரத்தின் பேரில் எழுதிவிடலாம் என்ற சாத்தியத்தை முன்வைத்தார். கடவுளும் தீமையும் ஒருசேர இருப்பது தர்க்கத்துக்கு முரணில்லை என்று காட்ட அது போதும்; பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவரிடம் அதைச் சொல்ல யாருக்கும் நா எழாது.

நிலநடுக்கம் இல்லாத உலகைக் கடவுள் படைத்திருக்கக் கூடாதா?

இதற்கு அறிவியல் அறிந்த இறைநம்பிக்கையாளர்கள் தரும் விடை கவனத்துக்குரியது. இந்தியாவைத் தாங்கி நகரும் பெரும்பாறைத் தட்டு ஆசியாவை முட்டித் தள்ளுவதால்தான் இமயம் எழுந்தது. இமயம் இருப்பதால்தான் கங்கை, கோசி, கண்டக் ஆகிய ஆறுகள் வருகின்றன. அவை கொண்டுவந்து கொட்டிய வண்டலால்தான் வடபீகார் இத்தனை பேருக்குச் சோறு போடுகிறது. நீர் ஊறிய அதே வண்டல்தான் 1934இல் குலுங்கியபோது கூழாகி வீடுகளைச் சாய்த்தது. ஒன்றைக் கேட்டு வாங்கி மற்றொன்றை வேண்டாம் என்று சொல்ல முடியாதபடி இந்த உலகம் பின்னப்பட்டிருக்கிறது என்பதே அவர்களின் வாதம்.

நிலநடுக்கங்கள் ஏன் உண்டு என்பதற்கு இது நல்ல பதில். எல்லாம் வல்லவர் என்று சொல்லப்படுபவருக்கு வேறு வழியே தோன்றவில்லையா என்ற கேள்வியை அது தொடவில்லை.

கர்மவினைக் கொள்கை எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறதே?

விளக்குகிறது, அதுவே அதன் பலமும் ஆபத்தும். வேதாந்தத்தின் அடிப்படை நூல்களில் ஒன்றான பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில், இறைவனுக்குப் பாரபட்சமும் கொடுமையும் இல்லை, ஏனெனில் அவன் உயிர்களின் வினையைப் பொறுத்தே பலன் தருகிறான் என்று கூறப்படுகிறது. சைவ சித்தாந்தம் இன்னும் நுட்பமாக, ஆணவம் என்னும் அறியாமை இருளால் கட்டுண்ட உயிர் வினையை நுகர்ந்து பக்குவப்படுவதற்கே உடலும் உலகமும் தரப்பட்டன என்கிறது. அங்கே துன்பம் தண்டனையைவிட மருந்துக்கு நெருக்கமானது. இப்பிறவியோடு கணக்கை முடித்துவிடும் மதங்களுக்கு இல்லாத ஒரு வசதி, பிறவித்தொடரை ஏற்கும் கொள்கைக்கு உண்டு என்பதை மறுக்க முடியாது.

ஆனால் இந்த விளக்கம் சமூகத்தில் எப்படிப் பயன்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். சேரியில் பிறந்தவனை, போன பிறவியில் செய்த பாவத்தை அனுபவிக்கிறான் என்று சொல்லித்தான் ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். கோயிலுக்குள் வராதே, குளத்தில் இறங்காதே என்பதற்கெல்லாம் அந்த ஒரு வாக்கியம் முட்டுக்கொடுத்தது. துன்பப்படுகிறவனைப் பார்த்ததும் அவன் குற்றவாளிதான் என்று முடிவுகட்டும் பழக்கம் அது. 1934இல் காந்தி செய்தது, தாம் எதிர்த்துப் போராடிய அதே வாதத்தை எடுத்து, அதன் முனையை மேல்சாதியினர் பக்கம் திருப்பியதுதான். திருப்பினாலும் ஆயுதம் அதே ஆயுதம். குத்துப்பட்டதும் பீகாரின் ஏழைகளே. தாகூரின் மூன்றாவது இழை பெரும்பாலோர் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஒன்று என்றாலும், அந்த விவாதத்தின் உயிர் அங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது.

துன்பம் மனிதரைப் பக்குவப்படுத்துகிறது என்பது உண்மையா?

சிலரைப் பக்குவப்படுத்துகிறது, சிலரை உடைத்துப்போடுகிறது. பக்குவப்பட நேரமே கிடைக்காமல் மூன்று வயதில் புற்றுநோயால் இறக்கும் குழந்தையை இந்த விளக்கம் எட்டுவதே இல்லை. நாசிகளின் படுகொலைகளைப் பற்றி எழுதிய யூத மதகுரு (ரபி) இர்விங் கிரீன்பர்க், எரிந்துகொண்டிருக்கும் குழந்தைகளின் முன்னிலையில் நம்பும்படி சொல்ல முடியாத எந்தக் கூற்றையும், இறையியல் சார்ந்ததாயினும் அல்லாததாயினும், சொல்லக் கூடாது என்றார். இந்தப் பக்கத்தில் உள்ள விளக்கங்களை அந்த அளவுகோலால் அளந்தால் பெரும்பாலானவை தேறா.

கடவுளைக் கேள்வி கேட்பது பாவம் இல்லையா?

தமிழில் இதற்கு மிகப் பழைய மறுப்பு இருக்கிறது. புறநானூற்றின் 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்க, இன்னொரு வீட்டில் மணமுழவு ஒலிப்பதைக் கேட்கிறார். ஒருத்தி பூச்சூடுகிறாள், மற்றொருத்தியின் கண்ணில் நீர் வடிகிறது. "படைத்தோன் மன்ற, அப் பண்பிலாளன்" என்கிறார். கடவுளைப் பண்பு கெட்டவன் என்று சொன்ன பாட்டை நம் முன்னோர் ஓலையில் எழுதிக் காத்துவைத்தார்கள். பிச்சையெடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டுமென்றால் உலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்ற குறளையும் யாரும் நூலிலிருந்து நீக்கவில்லை.

இவை பக்திக்கு வெளியே நின்று பேசியவை என்று தள்ளுவோருக்குச் சுந்தரர் இருக்கிறார். பிரியமாட்டேன் என்று மனைவி சங்கிலியாருக்குச் செய்துகொடுத்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூர் எல்லையைக் கடந்ததும் அவருக்குக் கண்பார்வை போனது என்பது பெரிய புராணம் சொல்லும் வரலாறு. காஞ்சியில் இடக்கண் கிடைத்தது. மற்றொரு கண்ணுக்காகத் திருவாரூரில் நின்று அவர் பாடிய பதிகத்தைப் படித்தால், கெஞ்சல் குறைவாகவும் சண்டை அதிகமாகவும் இருக்கும். உமக்கே மீளா அடிமையாகி, வேறு யாரையும் வேண்டாமல், மூளாத தீயைப்போல் உள்ளே கனன்று கிடக்கும் அடியார்கள் தங்கள் அல்லலைச் சொன்னால், "வாளாங்கு இருப்பீர் திருவாரூரீர், வாழ்ந்து போதீரே" என்கிறார். சும்மா உட்கார்ந்திருக்கிறீர், நன்றாக இரும் சாமி என்று வீட்டு வாசலில் நின்று வைகிற தொனி அது. தாம் செய்த பிழை இன்னதென்று தெளிவாகத் தெரிந்தவரே, அதற்காக வாயைப் பொத்திக்கொண்டு நிற்கவில்லை. அந்தப் பதிகம் தேவாரத்தில் இருக்கிறது, கோயிலில் ஓதப்படுகிறது. இயேசு சிலுவையில், என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று பைபிளின் சங்கீத நூலில் உள்ள வரியைச் சொல்லிக் கதறியதும் இதே வகை.

கடவுள் சார்பில் விளக்கம் தயாரிப்பவரைவிட அவரோடு சண்டை போடுபவர் கடவுளை அதிகம் நம்புகிறார் என்றே தோன்றுகிறது. பதில் சொல்ல அங்கே ஒருவர் இருக்கிறார் என்று நம்பாதவர் வாசலில் நின்று கத்தமாட்டார்.

கடவுள் இல்லை என்று ஏற்றுக்கொண்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமே?

புதிர் தீரும், அதில் சந்தேகமில்லை. காட்டுத்தீயில் சிக்கி யாருக்கும் தெரியாமல் பல நாள் துடித்துச் சாகும் மான்குட்டியால் எந்த நன்மை விளையும் என்று 1979இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ரோ எழுப்பிய கேள்விக்கு, நம்பிக்கையாளர்களிடம் இன்றும் திருப்தியான விடை இல்லை; மனிதருக்குத் தெரியாத காரணம் இருக்கலாம் என்பதே அவர்கள் அதிகபட்சம் சொல்லக்கூடியது. இந்தக் காரணத்தால் நம்பிக்கையைக் கைவிட்டவரை அகம்பாவி என்று ஏசுவது நேர்மையற்ற செயல்.

துக்கத்தில் இருப்பவர் "ஏன்?" என்று கேட்டால் என்ன சொல்வது?

பெரும்பாலும் அந்த 'ஏன்' விளக்கம் கேட்கும் கேள்வி அல்ல. எல்லாம் நன்மைக்கே, கடவுளுக்குப் பிடித்தவர்களைச் சீக்கிரம் அழைத்துக்கொள்வார், நீங்கள் ஏதோ வேண்டுதலை மறந்திருப்பீர்கள் போன்ற சொற்களைத் தவிர்க்க வேண்டும்; மூன்றாவது கொடூரமானது, ஆனால் எழவு வீடுகளில் அடிக்கடி காதில் விழுவது. தெரியவில்லை என்று சொல்லலாம். மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு என்று விசாரிக்கலாம். ஆறு மாதம் கழித்து, எல்லோரும் போன பிறகு, மறுபடி போய்ப் பார்க்கலாம்.

1934இலும் வாதம் ஒருபுறம் ஓட, வேலை வேறொருபுறம் நடந்தது. சிறையிலிருந்து வெளிவந்த ராஜேந்திர பிரசாத் நிவாரணக் குழுவை வழிநடத்தினார். தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பா அங்கே போய் நிதிக் கணக்குகளைக் கண்டிப்போடு பார்த்துக்கொண்டார். கிறிஸ்தவரான குமரப்பாவிடமும் நிலநடுக்கம் பற்றிய இறையியல் ஒன்று இருந்திருக்கக்கூடும். பீகாரில் அவர் செய்ய வேண்டியிருந்த வேலை, வந்த பணம் ஒவ்வொன்றும் கூரையிழந்தவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று ரசீதோடு சரிபார்ப்பது.